மணி அடிக்கிறது, மீன் மாட்டவில்லை: பெரிய அரைமிதவை இரைக்கான முள் செட்டில் கோளாறு பார்க்கும் வழி

போன மாசியில் மீன்கரை அணைக் கரையில் என் அக்கா மகன் ஒரே காலையில் 11 தடவை ராடைத் தூக்கினான். ஒவ்வொரு தடவையும் ராடில் கட்டிய மணி அடித்த பிறகுதான் தூக்கினான். ஒரு மீன்கூட வரவில்லை. “இந்த ராடு சரியில்லைங்க மாமா, வேற வாங்கிரலாம்” என்றான். செட்டை வாங்கிப் பார்த்தேன். பெரிய நெல்லிக்காய் அளவு இரை, முள்ளின் வளைவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. முள் முனைக்கும் இரைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம்கூட நுழையவில்லை. இரை கோக்கிற முடியை, அதாவது முள்ளிலிருந்து தொங்குகிற மெல்லிய நரம்பை, ஒரு சென்டிமீட்டர் நீட்டிக் கட்டிக் கொடுத்தேன். பத்தரை மணிக்கு ஒரு சாதா கெண்டை கரையேறியது. ராடு அதே ராடுதான்.

அவனுக்கும், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து நண்பர்களுக்கும் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். மீன்கரை, சுள்ளியாறு, வாளையாறு என்று எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து அணைகளில் கட்லா, ரோகு, மிர்கால், சாதா கெண்டை எல்லாம் உண்டு. கூடவே ஜிலேபி மீனும் (திலாப்பியா) உண்டு. சின்ன இரை போட்டால் அதுதான் முந்திக்கொள்ளும். அதனால்தான் 22 முதல் 25 மில்லிமீட்டர் உருண்டைக்குப் போகிறோம். அவ்வளவு பெரிய உருண்டை சேற்றில் புதையக் கூடாது, மீன் உறிஞ்சினால் லேசாக வாய்க்குள் போக வேண்டும். அதற்காக உள்ளே நெட்டி வைத்துப் பாதி மிதக்க விடுகிறோம். வெளிநாட்டுக் கடைச் சரக்கில் இதற்கு வேஃப்டர் என்று பெயர். நான் அரைமிதவை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இந்த இரையில் வரும் கோளாறு பெரும்பாலும் முள்ளுக்கும் இரைக்கும் நடுவில் இருக்கிற இரண்டு அங்குலத்துக்குள்ளேயே இருக்கும். ராடு, ரீல் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன்னால் அந்த இரண்டு அங்குலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள்.

அணைகளில் மீன்பிடி உரிமை கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கும். அங்கே கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் வாளிச் சோதனை

ஒரு பெயின்ட் வாளியில் அணைத் தண்ணீரையே மொண்டு வையுங்கள். வீசப்போகிற அதே முள், அதே முடி, அதே கீழ்நரம்போடு (ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவே வருகிற தூண்டில் நரம்புத் துண்டு) இரையை மெதுவாக உள்ளே விடுங்கள். இரையை மட்டும் தனியாகப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. முள்ளின் கனத்தோடு சேர்ந்துதான் அது அரைமிதவை.

சரியான செட் இப்படி இறங்கும்: இரை அவசரமில்லாமல் கீழே போகும். முள்ளின் வளைவு முதலில் அடியைத் தொடும். இரை அதற்கு மேலே, முடியின் நீளத்துக்கு, நிமிர்ந்து நிற்கும். விரலால் தண்ணீரை லேசாக அலைத்தால் இரை ஆடி, நகர்ந்து, மறுபடி அதே மாதிரி நிற்கும்.

முள்ளையும் தூக்கிக்கொண்டு மேலே போகிறதா? மிதப்பு அதிகம். கல் மாதிரி விழுந்து பக்கவாட்டில் படுக்கிறதா? மிதப்பு போதாது. இந்த இரண்டையும் கீழே திரும்பத் திரும்பச் சொல்வேன். அதனால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

மிதப்பைக் குறைக்க, முள்ளின் தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றுங்கள். போர்வெல் மோட்டார் காயில் கட்டும் கடையில் துண்டுக் கம்பி சும்மாவே கொடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றாகச் சேர்த்து வாளியில் விட்டுப் பாருங்கள். முள் நிற்கிற சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். ஈயத் துணுக்கைவிட இது எனக்குப் பிடிக்கும், ஒரு சுற்று, அரைச் சுற்று என்று கணக்காகக் கூட்டிக் குறைக்கலாம்.

மிதப்பைக் கூட்ட, உருண்டைக்குள் இருக்கிற நெட்டியைப் பெரிதாக்க வேண்டும். 24 மில்லிமீட்டர் உருண்டைக்கு நான் வைப்பது 8 மில்லிமீட்டர் விட்டம், 14 அல்லது 15 மில்லிமீட்டர் நீளம். மாவு கனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். நெட்டி கிடைக்காதவர்கள் பழைய ரப்பர் செருப்பிலிருந்து அதே அளவுக்கு வெட்டி வைக்கலாம். அது நெட்டி அளவுக்கு மிதக்காது, ஆனால் தண்ணீரில் ஊறாது.

அறிகுறி 1: மணி அடிக்கிறது, இழுத்தால் மீன் இல்லை

அதிகமாக என்னிடம் வருகிற புகார் இதுதான். காரணமும் அதிகம்.

*இரை அப்படியே முடியில் இருக்கிறதா, காணாமல் போயிருக்கிறதா?*

காணவில்லை, அல்லது அங்கங்கே குதறியிருக்கிறது என்றால் ஜிலேபி அல்லது நண்டின் வேலை. அறிகுறி 4-க்குப் போங்கள். இரை முழுசாக இருக்கிறது என்றால் பெரிய மீன் வாய்க்குள் இழுத்து, துப்பிவிட்டுப் போயிருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

*முள் முனை மழுங்கியிருக்கிறதா?*

கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை வைத்து லேசாக இழுங்கள். அழுத்தாமலே நகத்தில் கொத்தி நின்றால் கூர். வழுக்கிக்கொண்டு ஓடினால் மழுங்கல். எங்கள் அணைகளின் கரையோரம் பாறையும் சரளையும் அதிகம். ஒரு தடவை பாறையில் இழுபட்ட முள்ளை நான் மறுபடி நம்புவதில்லை. அரத்தால் தீட்டலாம், ஆனால் புது முள் மாற்றுவதே நல்லது. ஒரு முள்ளின் விலைக்கு ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம்.

*முடி நீளம் போதுமா?*

விஷயமே இங்கேதான் இருக்கிறது. முடி என்பது முள்ளிலிருந்து தனியாகத் தொங்குகிற மெல்லிய நரம்பு. இரை முள்ளில் குத்தப்படாமல் இந்த முடியில் கோக்கப்படுகிறது. 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த முறை இது. முதலில் நிஜமாகவே தலைமுடியைக் கட்டித்தான் பார்த்திருக்கிறார்கள், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. முள் வெறுமையாக இருப்பதால் மீன் துப்பும்போது முனை உதட்டில் தைக்கும்.

சின்ன உருண்டைக்கு 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதே அளவை நெல்லிக்காய் இரைக்கு வைத்தால், மீனின் வாய்க்குள் இரை முள்ளின் வாயை அடைத்துக்கொள்ளும். முனை சதையைத் தொடவே தொடாது. 22 மில்லிமீட்டருக்கு மேல் போனால் முள்ளின் வளைவுக்கும் இரையின் விளிம்புக்கும் நடுவே 8 முதல் 12 மில்லிமீட்டர் விடுங்கள். சுண்டுவிரல் நுனி தாராளமாக உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீட்டிய பிறகு வாளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முடி நீண்டால் இரை உயர்ந்து நிற்கும். முள்ளும் தலை தூக்குகிறதா என்று பாருங்கள்.

ரொம்பவும் நீட்டிவிடாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் தாண்டினால் மீன் இரையை மட்டும் உதட்டில் பிடித்துப் பார்க்கும், முள் வெளியிலேயே கிடக்கும். அப்போதும் மணி அடிக்கும், ஒரே ஒரு ‘டிங்’ மட்டும்.

*முள் இரைக்குத் தகுந்த அளவா?*

தூண்டில் முள்ளில் எண் குறையக் குறைய முள் பெரிது. 20 மில்லிமீட்டர் இரைக்கு 4-ஆம் எண், 24-க்கு மேல் போனால் 2-ஆம் எண். வாய் அகலமான, கம்பி தடித்த முள்ளாக வாங்குங்கள். பெரிய முள்ளைப் பார்த்து மீன் பயப்படும் என்று 8-ஆம் எண்ணில் நெல்லிக்காய் இரையைத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. சின்ன முள்ளுக்கு இரையின் மிதப்பைத் தாங்கும் கனம் கிடையாது, இரை முள்ளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பெரிய முள் போட்டால் அதே கனமே செம்புக் கம்பியின் வேலையைச் செய்துவிடும்.

*முள் திரும்புகிறதா?*

கீழ்நரம்பைப் பிடித்து, முள்ளை ஒரு துணியின் மேல் மெதுவாக இழுங்கள். துணிக்குப் பதில் உள்ளங்கையில் பார்க்கிறவர்கள் உண்டு. அது வேண்டாம், காரணம் கடைசியில் வருகிறது. எப்படிப் போட்டு இழுத்தாலும் முனை கீழே திரும்பித் துணியில் கொத்த வேண்டும்.

கொத்தவில்லையா? முடிச்சைப் பாருங்கள். முடிச்சில்லா முடிச்சு போட்டிருப்பீர்கள்: தண்டைச் சுற்றி 7, 8 சுற்று, அப்புறம் நரம்பின் மறுமுனை முள்ளின் காதுக்குள். அந்த நரம்பு காதின் முதுகுப் பக்கமாக நுழைந்து, முள் முனை இருக்கிற பக்கமாக வெளியே வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் இழுக்கும்போது முள் படுத்துக்கொண்டு, வழுக்கி வெளியே வந்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்களிடம் இந்தத் தப்பை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

முடிச்சு சரியாக இருந்தும் திரும்பவில்லை என்றால் காதின் மேல் ஒரு வளைந்த சட்டை போடுங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஷ்ரிங்க் டியூப் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். காதின் மேல் ஏற்றி, கெட்டில் ஆவியில் காட்டி, சூடு ஆறுவதற்குள் முனைப் பக்கமாக லேசாக வளைத்துவிடுங்கள். மெல்லிய ஒயரின் மேல்தோலை உருவிப் போட்டும் செய்யலாம், ஆனால் அது ஒரு நாளில் நழுவிவிடும்.

*இரை முள்ளைவிட்டு விலக முடிகிறதா?*

பெரிய இரைக்கு நான் கண்ட நல்ல மருந்து ஒரு சின்ன வளையம். 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்டீல் வளையம். முடியை அந்த வளையத்தின் வழியாக விட்டு, வளையத்தை முள்ளின் தண்டில் ஏற்றிவிடுங்கள். மீன் இரையைத் துப்பும்போது வளையம் தண்டில் மேலே ஓடும். இரை பின்னால் போகும், முள் முனை முன்னால் நிற்கும். இரையின் கனமும் பருமனும் முள்ளை வெளியே தள்ளாது. சாதா கெண்டை துப்புவதில் கெட்டி; வாயை முன்னால் நீட்டி உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் ஊதித் தள்ளும். அதற்கு இந்த வளையம் இல்லாமல் நான் 24 மில்லிமீட்டர் இரை போடுவதில்லை.

*ஈயம் லேசாக இருக்கிறதா?*

இதுவரை எல்லாம் சரி என்றால் ஈயத்துக்கு வாருங்கள். 40, 50 கிராம் ஈயம் போட்டால் மீன் அதையும் இழுத்துக்கொண்டு நகரும், முள் தைக்கிற எதிர்ப்பு கிடைக்காது. 80 முதல் 110 கிராம் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அந்தக் கனம் இல்லாமல் நரம்பு நேராக நிற்காது என்பதும் ஒரு காரணம். அந்தக் கனத்தை வீச உங்கள் ராடு தாங்காது என்றால்தான் ராடு மாற்றுகிற பேச்சு.

அறிகுறி 2: பக்கத்து ஆளுக்கு மாட்டுகிறது, நம் மணி அசையவில்லை

முதலில் செட்டை இழுத்துப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா எடுத்துப் பார்ப்பதுதான் சோதனை.

கீழ்நரம்பு ஈயத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் அறிகுறி 3-க்குப் போங்கள். முள்ளில் வேலம்பாசி சுற்றியிருந்தால் இரை பாசிக்குள் கிடந்திருக்கிறது. வீசுகிற இடத்தை மாற்றுங்கள்: வெறும் ஈயத்தைக் கட்டி வீசி, இழுக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். டொக் டொக் என்று தட்டினால் சரளை, வழவழவென்று கனத்து வந்தால் சேறு, பிடித்துப் பிடித்து விட்டால் பாசி. சரளையும் சேறும் சேர்கிற இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள்.

இரை கறுத்து, சேற்று நாற்றம் அடித்தால் புதைந்து கிடந்திருக்கிறது. மிதப்பு குறைவு, அல்லது கீழ்நரம்பு நீளம் போதாமல் ஈயம் சேற்றில் இறங்கும்போது இரையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சரளைத் தரைக்கு 15 சென்டிமீட்டர் போதும். சேற்றுக்கு 25 வரை போங்கள்.

இரை பளிச்சென்று, போட்ட மாதிரியே வந்தால்? இரை சரியாகத்தான் நின்றிருக்கிறது, மீன் அந்த மட்டத்தில் இல்லை. கட்லாவின் வாய் மேல்நோக்கியது, மேல்மட்டத்தில் மேய்கிற மீன். மிர்காலும் சாதா கெண்டையும் அடியில் மேயும். ரோகு நடுவில். உங்கள் பக்கத்து ஆள் தக்கை போட்டு கட்லா எடுக்கிறார் என்றால், அடியில் கிடக்கிற உங்கள் அரைமிதவையை எவ்வளவு திருத்தினாலும் அந்தக் கட்லா வராது. அன்றைக்கு நீங்களும் தக்கைக்கு மாறுங்கள்.

புது மழைக்கு மீன் முட்டையிட ஓடையில் மேலேறுகிற நாட்களில் மணி அடிக்கவில்லை என்று கவலைப்படவே வேண்டாம். பாலக்காட்டுப் பக்கம் இதை ஊத்த என்பார்கள். ஏறி வருகிற அந்த மீனைப் பிடிப்பது கேரளத்தில் சட்டப்படி குற்றம். சினை மீன் பாவம், விட்டுவிடுங்கள். ராடைத் துடைத்து வைத்துவிட்டு இரை உருட்டுங்கள்.

அறிகுறி 3: வீசும்போதே இரை பறக்கிறது, அல்லது எல்லாம் முறுக்கிக்கொள்கிறது

*இரை பறந்தால்:* முடியின் முனையில் என்ன தடை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தென்னை ஈர்க்கு ஒரு சென்டிமீட்டர் துண்டு, குறுக்காக, போதும். ஊறினால் பருத்து இன்னும் இறுகும். தீக்குச்சித் துண்டு ஊறி உடையும். ஈர்க்கு இரைக்குள் புதைந்து, ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு போகிறது என்றால் மாவு இளகல். வேகவைத்த நேரம் போதவில்லை.

என் மாவு: கடலைப் புண்ணாக்குத் தூள் இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, தவிடு ஒரு பங்கு, பிசைகிற அளவுக்கு முட்டை. தண்ணீர் சேர்ப்பதில்லை. உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் 3 நிமிடம், அப்புறம் நிழலில் ஒரு நாள் உலர்த்தல். உலர்ந்த பிறகு நெட்டிக்குத் துளை போடுங்கள். ஈரத்தில் போட்டால் உருண்டை பிளக்கும். முடியைக் கோக்க மெல்லிய குரோஷா ஊசி சரியாக இருக்கும்.

*முறுக்கிக்கொண்டால்:* பெரிய மிதப்பு இரை காற்றில் காற்றாடி மாதிரி சுற்றும். ஈயம் முன்னால் போகும், இரை பின்னால் தங்கும், ஈயம் தண்ணீரைத் தொட்டதும் இரை வந்து நரம்பின் மேல் விழும். அதற்கு மருந்து கையில்தான் இருக்கிறது. ஈயம் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் ரீலின் நரம்பை விரலால் தடவி வேகத்தைக் குறையுங்கள். இரை முன்னால் பாய்ந்து, கீழ்நரம்பு நீண்டு விழும். ஒரு நாள் மாலை பழகினால் வந்துவிடும்.

கை பழகியும் முறுக்கினால் கீழ்நரம்பு ரொம்ப மெத்தென்று இருக்கிறது. முறுக்கு நூல் நரம்பாக இருந்தால் விறைப்பான ஒற்றை நரம்புக்கு மாறுங்கள். முள்ளுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் மட்டும் மெத்தென்று இருந்தால் போதும், மீதி விறைப்பாக இருக்கட்டும். மேல்தோல் போட்ட நரம்பு கிடைத்தால் அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு மட்டும் தோலை உரித்துவிடலாம்.

ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் கணவாய் வழியாக அடிக்கிற காற்று மோசம். 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறந்த வாசல் அது. அந்த மாதங்களில் காற்றை எதிர்த்து 60 மீட்டர் வீச முயலாதீர்கள். காற்று முதுகில் படுகிற கரைக்குப் போய் உட்காருங்கள், அல்லது இரையை 20 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள்.

அறிகுறி 4: டிக் டிக் என்று ஓயாமல் அடிக்கிறது, இரை குதறி வருகிறது

ஜிலேபி. நெல்லிக்காய் அளவை விழுங்க முடியாவிட்டாலும் கூட்டமாகக் கூடிக் கொத்தும். கொத்திக் கொத்தி ஒரு பக்கம் தேய்ந்ததும் இரையின் மிதப்பு மாறிவிடும், நெட்டி வெளியே தெரியும். அந்த இரையைப் பெரிய மீன் தொடுவதை நான் பார்த்ததில்லை.

காசில்லாத வழி, உலர்த்தலை 3 நாளாக்குவது. இரை கட்டையாகிவிடும். போதவில்லை என்றால் பெண்களின் நைலான் காலுறைத் துணி ஒரு துண்டு எடுத்து இரையைப் பொதிந்து, நூலால் இறுக்கிக் கட்டிக் கோத்துவிடுங்கள். வாசம் வெளியே போகும், மாவு போகாது. நண்டுக்கும் இதே வைத்தியம். தூவுகிற தீவனத்தில் பொரி, தவிடு மாதிரிப் பொடிச் சரக்கை நிறுத்துங்கள். பொடி தூவினால் ஜிலேபிக்குப் பந்தி வைத்த மாதிரி. முழு உருண்டைகளை மட்டும் நாலைந்து எறியுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் அந்தி சாயும் வரை பொறுங்கள். இருட்டினால் ஜிலேபியின் தொல்லை நன்றாகக் குறையும்.

அறிகுறி 5: மாட்டியது, பாதி வழியில் கழன்றது

முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

முள் நிமிர்ந்திருந்தால் கம்பி மெல்லிசு, தடித்த கம்பி முள் வாங்குங்கள். முனை மட்டும் மடங்கியிருந்தால் வாயின் எலும்பிலோ பாறையிலோ பட்டிருக்கிறது, அந்த முள்ளைத் தூக்கிப் போடுங்கள். முள்ளில் மெல்லிய சவ்வுத் துண்டு ஒட்டியிருந்தால் மீனின் வாய் கிழிந்திருக்கிறது. கட்லாவுக்கு இது அடிக்கடி நடக்கும். வாய் பெரிது, ஓரச் சவ்வு மெல்லிசு. சாதா கெண்டையின் உதடு தோல் மாதிரி தடித்தது, அதை இழுக்கிற பலத்தில் கட்லாவை இழுத்தால் வாயோடு வந்துவிடும்.

அதற்கு ரீலின் டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற பிரேக்கை, சரிசெய்ய வேண்டும். 15 பவுண்டு நரம்பு ஏறக்குறைய 6.8 கிலோ தாங்கும். டிராக் அதில் கால் பங்குக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அதாவது 1.7 கிலோ வாக்கில். பழைய பேப்பர்காரர் வைத்திருக்கிற ஸ்பிரிங் தராசு மாதிரி ஒன்றை நரம்பு முனையில் மாட்டி, ராடை வளைத்துப் பிடித்து, வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். கட்லா வருகிற அணையென்றால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

அளந்து வைத்த டிராக் ஒரு நேரம் இறுகுகிறது, ஒரு நேரம் வழுக்குகிறது என்றால் உள்ளே இருக்கிற வாஷர்கள் போய்விட்டன. எண்ணெய் விட்டு ஒப்பேற்றாதீர்கள், வாஷரில் எண்ணெய் பட்டால் இன்னும் கெடும். ரீல் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் ரீல் சர்வீஸ் செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் தெறித்து வாசல் மணலில் விழுந்தால் தேட முடியாது, எனக்கு நடந்திருக்கிறது.

ராடையே மீன் இழுத்துக்கொண்டு போனதா? அது டிராக்கை இறுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன கோளாறு. எழுந்து போவதாக இருந்தால் டிராக்கைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ராடைக் கையோடு கொண்டு போங்கள்.

அறிகுறி 6: காலையில் சரியாக இருந்த மிதப்பு மத்தியானம் மாறுகிறது

ஊறிக் கனத்து மூழ்குகிறதா, புளித்து மேலே வருகிறதா என்று வாளியில் பாருங்கள். நன்றாக உலர்ந்த இரை முதலில் மிதக்கும், தண்ணீர் குடிக்கக் குடிக்க இறங்கும். இதற்கு, உலர்த்திய இரையை வீசுவதற்கு அரை மணி நேரம் முன்பே அணைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன் பிறகு செம்புக் கம்பிச் சுற்றைக் கணக்குப் பாருங்கள். வெயிலில் டப்பாவை மூடி வைத்தால் மாவு புளித்துப் பொங்கும், மிதப்பு கூடும். டப்பாவை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

நெட்டி நாள்பட ஊறும். ஒரு நாள் போட்ட நெட்டியை அடுத்த நாள் போடாதீர்கள்.

அறிகுறி 7: முள் கையில் ஏறிவிட்டது

எதிர்முள் (முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கிற சின்ன முள்) சதைக்குள் போகவில்லை என்றால் வந்த வழியே பின்னால் எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி (டிடி) போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசியுங்கள். எதிர்முள் உள்ளே போய்விட்டதா, இழுக்காதீர்கள். நரம்பை மட்டும் அறுத்துவிட்டு, முள் அசையாமல் துணி சுற்றி, மருத்துவமனைக்குப் போங்கள். டிடி ஊசி கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ பட்டால் கரையில் யாரும் கை வைக்கக் கூடாது. நேராகக் கண் மருத்துவரிடம்தான். துணியில் இழுத்துச் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எதிர்முள்ளைக் கொறடால் நசுக்கிவிட்டு மீன்பிடித்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீனும் பெரும்பாலும் தப்பாது. சின்னப் பிள்ளைகள் கூட வரும் நாட்களில் நான் நசுக்கிய முள்தான் போடுகிறேன்.

அறிகுறி 8: செட் அடியில் சிக்கி வரவே இல்லை

ராடை நிமிர்த்தி வளைத்து இழுக்காதீர்கள். ராடை நரம்பின் நேர்கோட்டுக்குத் தாழ்த்தி, கையில் துணி சுற்றிக்கொண்டு, நரம்பைப் பிடித்து நிதானமாகப் பின்னால் நடங்கள். ஒன்று முள் வரும், அல்லது கீழ்நரம்பு அறும். கீழ்நரம்பை மேல்நரம்பைவிடப் பலம் குறைந்ததாக வைத்திருந்தால் ஈயமாவது திரும்பி வரும். வரவில்லை என்றால் கரையோரமாக 20, 30 அடி நகர்ந்து வேறு கோணத்தில் இழுத்துப் பாருங்கள். பாறை இடுக்கில் மாட்டியது பல நேரம் அப்படி வந்துவிடும்.

இதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. தண்ணீரில் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும் சரி. அணையின் அடியில் பழைய மரக்கட்டையும் அறுந்த வலையும் கிடக்கும், ஒரு அடி தள்ளினால் திடீரென்று ஆழம். ஒரு தடவை புது ரீலோடு நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனேன். வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பரிசலிலிருந்தே சத்தம் போட்டார்: “அட, நில்லுங்க தம்பி. முள்ளு கெடக்குது. நான் அந்தப் பக்கந்தானே போறேன்.” பரிசலைத் திருப்பிக்கொண்டு போய், நரம்பைப் பிடித்தபடி நேர் மேலே நின்று, மேல்நோக்கி ஒரே ஒரு இழுப்பு. வந்துவிட்டது. அவரைப் போன்ற பரிசல்காரர் கரையில் இருந்தால் கேளுங்கள், டீச் செலவுக்குக் கொடுங்கள். யாரும் இல்லையென்றால் நரம்பை முடிந்த அளவு ஆழத்தில் அறுத்துவிட்டு, கையில் வந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கரையில் விட்ட நரம்பில் கொக்கின் கால் சிக்கி நான் அவிழ்த்திருக்கிறேன்.

அன்று அந்தப் பெரியவர் எடுத்துக் கொடுத்த செட்டில் இரை அப்படியே முடியில் நின்றது, ஈர்க்குத் துண்டு ஊறிப் பருத்து உள்ளே இறுகியிருந்தது. கீழ்நரம்பை விரல் நகத்தில் ஓட்டிப் பார்த்தேன். முள்ளுக்கு நாலு விரல் மேலே பாறையில் உரசி ரம்பம் மாதிரி சொரசொரத்தது. அந்த மாதிரித் தட்டுப்பட்டால் முழுதாக அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கீழ்நரம்பு கட்டுங்கள், வாளியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.